கலெக்டர் நாற்காலியை விட்டுப் பள்ளிக்கூடம் வந்தவர்: அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ்

சில வாரங்களுக்கு முன் ஒரு ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கிக் கொண்டிருந்தேன். ஒரு சகோதரர் ஸலாம் சொல்லி நிறுத்தினார். குன்னூர் பக்கம் கொஞ்சம் தேயிலை வைத்திருப்பவர். பசுந்தேயிலைக்கு விலை கிடைத்தால் வீட்டில் சிரிப்பு, கிடைக்காவிட்டால் கடன் என்று வாழ்கிற குடும்பம். அவருடைய தந்தை இலங்கையில் கண்டிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கடை வைத்திருந்து, பிறகு ஊர் திரும்பியவர்.

"ஹஜ்ரத், என் மக பி.எஸ்ஸி. முடிச்சிருச்சு. நல்ல மார்க்கு. அடுத்தது பி.எட். படிக்கணும்ங்குது. அவ மாமாவுக்கு இஷ்டமில்ல. 'இவ்வளவு மார்க் வாங்கிட்டு டீச்சர் வேலைக்கா போவாங்க? கலெக்டர் பரீட்சைக்குப் படிக்கச் சொல்லுங்க'ங்கிறாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

கலெக்டர் ஆவதும் நல்லதுதான். நம் பிள்ளைகள் அந்தத் தேர்வை எழுத வேண்டும், வெல்ல வேண்டும் என்று மிம்பரில் நின்று பேசுகிறவன் நான். ஆனால் "டீச்சர் வேலைக்கா?" என்ற அந்தக் கேள்வி மனதில் தைத்தது. வேறு எதுவும் கிடைக்காதவர்கள் செய்கிற வேலை ஆசிரியர் வேலை என்ற எண்ணம் நம் வீடுகளில் எப்போது நுழைந்தது?

"அடுத்த ஜும்ஆவுக்கு வாங்க. உங்க வாப்பா வாழ்ந்த நாட்டிலே ஒரு மனிதர் இருந்தார். அவர் கதையைச் சொல்கிறேன். பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று அனுப்பி வைத்தேன். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

'பப்ளிக் ஸ்கூல்' என்றால் என்ன?

நீலகிரியில் இருக்கும் நமக்கு 'பப்ளிக் ஸ்கூல்' என்ற சொல் புதிதல்ல. லவ்டேலில் 1858-ல் தொடங்கிய லாரன்ஸ் பள்ளி முதல், ஊட்டியிலும் குன்னூரிலும் மலைச்சரிவில் நிற்கும் பெரிய விடுதிப் பள்ளிகள் வரை தினமும் பார்க்கிறோம். லாரன்ஸ் பள்ளி முதலில் ஆங்கிலேயப் படைவீரர்களின் பிள்ளைகளுக்காக ஏற்பட்டது. பெயரில் 'பப்ளிக்' என்று இருந்தாலும், இத்தகைய பள்ளிகளின் வாசலைத் தாண்டப் பெரும் பணம் வேண்டும். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தாயின் பிள்ளை அந்த மதிலை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டு பஸ் ஏறுகிறது.

அந்தப் பள்ளிகளிடம் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கே தலைமை ஆசிரியர் என்பவர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிற அலுவலர் மட்டுமல்லர். மாணவனின் படிப்பு, நடை, பேச்சு, விளையாட்டு, துணிவு எல்லாவற்றையும் உருவாக்கும் பொறுப்பு அவருடையது. பள்ளியின் பெயரும் அவர் பெயரும் சேர்ந்தே பேசப்படும். அப்படி ஒரு பள்ளியை நம் சமுதாயம் தன் கையால் கட்டி, அதன் தலைமையில் தன்னுடைய மிகச் சிறந்த மனிதரை உட்கார வைத்தால் என்ன நடக்கும்? கொழும்பு மருதானையில் உள்ள ஸாஹிராக் கல்லூரியில் அது நடந்தது. அங்கே 'கல்லூரி' என்றால் பள்ளிக்கூடம்தான். இலங்கையில் பெரிய பள்ளிகளை அப்படித்தான் அழைப்பார்கள்.

மத்ரஸாவிலிருந்து கேம்பிரிட்ஜ் வரை

அபூபக்கர் முஹம்மது அப்துல் அஸீஸ் 1911 அக்டோபர் 4 அன்று யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தார். தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பம். தந்தை எஸ். எம். அபூபக்கர் சட்டத் தொழிலில் இருந்தவர். ஊரில் மதிக்கப்பட்ட சமுதாயத் தலைவர்.

சிறுவன் அஸீஸ் முதலில் குர்ஆன் மத்ரஸாவில் ஓதினார். அதன் பிறகு சேர்ந்தது இராமகிருஷ்ண மிஷனின் வைத்தீஸ்வர வித்தியாலயம். அடுத்து யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி. அங்கே தமிழையும் ஆங்கிலத்தையும் ஆழமாகக் கற்றார்.

இந்த இடத்தில் பெற்றோர் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தக் காலத்தில் இலங்கையிலும் சரி, தமிழ்நாட்டிலும் சரி, பிற சமயத்தவர் நடத்தும் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பினால் ஈமான் போய்விடும் என்று அஞ்சிப் படிப்பையே நிறுத்திய குடும்பங்கள் ஏராளம். மிஷனரிப் பள்ளிகளில் மதமாற்றம் நடக்கும் என்ற பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. ஆனால் அந்தப் பயம் இரண்டு மூன்று தலைமுறைகளைப் படிப்பில்லாமல் நிறுத்திவிட்டது. அபூபக்கர் வேறு வழியை எடுத்தார். முதலில் குர்ஆனைக் கொடுத்தார்; அதன் பிறகு எங்கே நல்ல கல்வி இருந்ததோ அங்கே அனுப்பினார். அந்தப் பிள்ளை பிற்காலத்தில் ஒரு நாட்டின் முஸ்லிம்களுக்கே கல்வித் தலைவரானார். வாரத்தில் ஐந்து நாள் கான்வென்ட்டுக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு மக்தப் நேரத்தில் டியூஷனுக்கு விரட்டும் இன்றைய வீடுகள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

பிறகு கொழும்பு பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாறு படித்துப் பட்டம் பெற்றார். அரசு உதவித்தொகையில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்குச் சென்றார். அங்கே இருக்கும்போது சிலோன் சிவில் சர்வீஸ் தேர்வில் வென்ற செய்தி வந்தது. 1935-ல் நாடு திரும்பிப் பணியில் சேர்ந்தார். இந்தியாவில் ஐ.சி.எஸ். எப்படியோ, இலங்கையில் சிவில் சர்வீஸ் அப்படி. அந்தப் பணிக்குள் நுழைந்த முதல் முஸ்லிம் அவர்தான். நம் சகோதரரின் மைத்துனர் ஆசைப்படுகிற 'கலெக்டர் பரீட்சை'யில் வென்றபோது அவர் இருபதுகளில் இருந்த இளைஞர்தான்.

கல்முனையில் கண்ட காட்சி

1942-ல் இரண்டாம் உலகப் போர் இலங்கையின் வாசலுக்கு வந்தது. பர்மா ஜப்பான் வசமானது. இலங்கைக்கு அரிசி அனுப்பிக்கொண்டிருந்த முக்கியமான நாடு பர்மா. கப்பல் வராவிட்டால் நாட்டில் சோறு இல்லை. உள்நாட்டில் நெல் விளைச்சலைக் கூட்டுவதற்காக, கிழக்குக் கரையில் உள்ள கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அஸீஸ் அனுப்பப்பட்டார். அந்தப் பதவி நம் ஊர் சப்-கலெக்டர் போன்றது.

கல்முனைக் கரையோரம் முஸ்லிம் ஊரும் தமிழ் இந்து ஊரும் மாறி மாறி வரும். உழவுதான் மக்களின் உயிர். காடாகக் கிடந்த நிலங்களைப் பயிர் நிலங்களாக்கும் வேலையை அஸீஸ் முடுக்கிவிட்டார். உழவர்களோடு நேரடியாகப் பழகினார். பஞ்ச காலத்தில் உணவுக் களஞ்சியத்தின் பொறுப்பைக் கேட்டுப் பெற்ற யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றைத் திருக்குர்ஆனின் 12-வது அத்தியாயத்தில் ஓதுகிறோம். நிர்வாகத் திறமையும் நாணயமும் உள்ளவர் அரசுப் பொறுப்பை ஏற்பது நபிமார்களின் வழியில் உள்ளதுதான். ஆகவே அரசுப் பணியைக் குறைத்துச் சொல்ல இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை.

ஆனால் கல்முனையில் அஸீஸ் இன்னொன்றையும் பார்த்தார். நிலம் கொடுத்தால் நெல் விளைகிறது. உழவர் கையில் பணமும் வருகிறது. அவர் பிள்ளை மட்டும் அப்படியே இருக்கிறது. உத்தரவைப் படித்துப் பார்க்கத் தெரியாதவர் இன்னொருவரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டியிருக்கிறது. ஒரு நல்ல அதிகாரி மாற்றலாகிப் போனால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அங்கேயே முஸ்லிம் கல்விச் சங்கம் ஒன்று உருவாக அவர் துணை நின்றார். பக்கத்துக் காரைதீவில் பிறந்த தமிழறிஞர் சுவாமி விபுலானந்தரோடு அவருக்கு ஏற்பட்ட நட்பும் கல்விப் பணியில் அவருடைய மனத்தை இன்னும் ஊன்றச் செய்தது.

1945-ல் இலங்கையில் இலவசக் கல்வித் திட்டம் வந்தது. அதே ஆண்டில் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி தொடங்கப்பட்டது. அதன் பின்னால் நின்றவர்களில் அஸீஸ் முதன்மையானவர். 'அதுதான் இலவசம் ஆகிவிட்டதே, இனி எதற்கு நிதி?' என்று கேட்கத் தோன்றும். கட்டணம் போனாலும் விடுதிச் செலவு, புத்தகம், பஸ் செலவு எதுவும் போகவில்லை. மகனை வேலைக்கு அனுப்பாமல் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினால் வீட்டில் ஒரு சம்பளம் குறைகிறது. ஏழை மாணவனின் படிப்பு நின்றுபோகும் இடம் பெரும்பாலும் இதுதான். நம் மலையிலிருந்து கோவைக்கு இறங்கிப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1948: எல்லோரும் மேலே ஏறியபோது இவர் இறங்கினார்

இனி ஸாஹிராவைப் பற்றிக் கொஞ்சம். 1892-ல் மருதானைப் பள்ளிவாசலை ஒட்டிச் சிறிய மத்ரஸாவாக அது தொடங்கியது. கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் எம். சி. சித்தி லெப்பை அதன் முன்னோடி. 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை நடத்தியவர், 'அஸன்பே சரித்திரம்' என்ற தமிழ் நாவலை எழுதியவர் அவரே. எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்து நின்று தோற்று, 1883-ல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்ட உராபி பாஷா இந்த முயற்சிக்கு ஊக்கம் தந்தார். கொழும்பின் செல்வந்தர் வாப்பிச்சி மரிக்கார் தோள் கொடுத்தார். ஒரு வழக்கறிஞர், நாடிழந்த ஒரு போராளி, ஒரு செல்வந்தர் என மூவர் சேர்ந்து போட்ட விதை அது.

விதை முளைத்தாலும் மரமாகப் பல காலம் ஆனது. 1921-ல் டி. பி. ஜாயா என்ற மலாய் முஸ்லிம் அதிபராக வந்தார். பௌத்தர்களின் ஆனந்தாக் கல்லூரியில் ஆசிரியராக இருந்து அனுபவம் பெற்றவர் அவர். கால் நூற்றாண்டு உழைத்து ஸாஹிராவைக் கொழும்பின் முன்னணிப் பள்ளிகளில் ஒன்றாக ஆக்கினார். 1947-ல் அவர் நாட்டின் முதல் அமைச்சரவையில் தொழில், சமூக சேவைத் துறை அமைச்சரானார். (பின்னாளில் 1960-ல் ஹஜ்ஜுக்குச் சென்ற இடத்தில் மதீனாவிலேயே வஃபாத்தானார்.) ஜாயாவின் நாற்காலி காலியானது.

அந்த இடத்துக்கு யார் வருவார்? 1948 பிப்ரவரி 4 அன்று இலங்கை சுதந்திரம் பெற்றது. வெள்ளைக்கார அதிகாரிகள் கப்பலேறத் தொடங்கிய காலம். அவர்கள் விட்டுப்போகும் பெரிய பதவிகள் எல்லாம் உள்நாட்டு சிவில் சர்வீஸ் அதிகாரிகளுக்கு வரப்போகின்றன. பதின்மூன்று ஆண்டு அனுபவமும் கேம்பிரிட்ஜ் படிப்பும் உள்ள அஸீஸுக்கு எதிரே பாதை திறந்து கிடந்தது. அந்த நேரம் பார்த்து அவர் சிவில் சர்வீஸை ராஜினாமா செய்தார். ஸாஹிராவின் அதிபரானார். வயது நாற்பதுகூட ஆகவில்லை.

இன்று ஒருவர் கலெக்டர் பதவியை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியராகப் போகிறேன் என்றால் வீட்டில் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அன்றும் புருவம் உயர்த்தியவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் அவருடைய கணக்கு நேரானது. ஒரு முஸ்லிம் அதிகாரி இருந்தால் ஒரு மாவட்டத்துக்கு நன்மை. பள்ளியில் இருந்தால் ஆண்டுதோறும் எத்தனையோ மாணவர்களை அதே உயரத்துக்கு அனுப்பலாம். முதல் முஸ்லிம் சிவில் சர்வீஸ் அதிகாரி என்ற பெயர் அவருக்கு இருந்தது. அவரே கடைசியாகவும் ஆகிவிட்டால் அந்தப் பெயரால் சமுதாயத்துக்கு என்ன லாபம்?

பதின்மூன்று ஆண்டுகள்

1948 முதல் 1961 வரை அஸீஸ் ஸாஹிராவின் அதிபர். அந்தக் காலத்தை ஸாஹிராவின் பொற்காலம் என்று இலங்கை முஸ்லிம்கள் இன்றும் சொல்வார்கள். அவருடைய ஸாஹிராவில் மூன்று விஷயங்கள் கவனிக்கத் தக்கவை.

முதலாவது, பள்ளி என்பது தேர்வுக்குத் தயார் செய்யும் இடம் மட்டுமல்ல என்பதில் அவர் உறுதியாக இருந்தார். மார்க்கக் கல்வி, மொழி, அறிவியல், விளையாட்டு, படைமாணவர் அணி, பேச்சு, எழுத்து எல்லாம் சேர்ந்ததே கல்வி. தொழுகைக்கு அழைக்கும் பாங்கோசை கேட்கும் தூரத்தில், ஆங்கிலேயப் பப்ளிக் ஸ்கூலின் ஒழுங்கும் அறிவுத் தேடலும் இருக்க முடியும் என்று நடத்திக் காட்டினார். முஸ்லிம்களின் சிந்தனையும் பண்பாடும் ஸாஹிராவிலிருந்து நாடெங்கும் பரவ வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

இரண்டாவது, ஸாஹிராவின் கதவை அவர் எல்லோருக்கும் திறந்து வைத்தார். இந்துக்களின் பள்ளிகள் தமக்குச் செய்ததை, முஸ்லிம்களின் பள்ளி பிறருக்குச் செய்யக் கடமைப்பட்டது என்பதுபோல் இருந்தது அவருடைய நடத்தை. தமிழ் ஆய்வுலகம் அறிந்த பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி யாழ்ப்பாணத்துக் கரவெட்டியைச் சேர்ந்தவர். அவர் ஸாஹிராவில் படித்தவர். பிறகு அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். முஸ்லிம் பள்ளி ஒன்று தமிழுக்கு ஒரு பேரறிஞரை வளர்த்துத் தந்தது என்று நாம் பெருமையோடு சொல்லலாம். சமய நல்லிணக்கம் பற்றி மேடையில் எவ்வளவு பேசினாலும், ஒரே வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து படித்த நட்புக்கு அது ஈடாகாது.

மூன்றாவது, பள்ளிக்கு வெளியே இருந்த இளைஞர்களையும் அவர் விட்டுவிடவில்லை. 1950-ல் அகில இலங்கை முஸ்லிம் வாலிபர் சங்கப் பேரவை உருவானது. ஒய்.எம்.எம்.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதன் நிறுவனத் தலைவர் அஸீஸ். கிறிஸ்தவ இளைஞர்களுக்கு ஒய்.எம்.சி.ஏ., பௌத்த இளைஞர்களுக்கு ஒய்.எம்.பி.ஏ. இருந்ததுபோல் முஸ்லிம் இளைஞர்களுக்கும் ஊர்தோறும் கிளைகள் எழுந்தன. கொழும்புப் பள்ளியில் இடம் கிடைக்காத கிராமத்து வாலிபனுக்கும் நூல், கூட்டம், சேவை என்று ஒரு வாசல் திறந்தது.

ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியர் எப்படிச் சமுதாயத் தலைவர் ஆகிறார் என்பதற்கு விளக்கம் இதுதான். அவர் பதவி தேடி அலையவில்லை. பள்ளியில் செய்த வேலை மதிலைத் தாண்டி வெளியே போனது. தலைமையும் அதோடு வந்து சேர்ந்தது.

செனட்டில் ஒரு தமிழ்க் குரல்

1952-ல் இலங்கைப் பாராளுமன்றத்தின் மேலவையான செனட்டில் அஸீஸ் உறுப்பினரானார். 1963 வரை அங்கே இருந்தார். 1956-ல் பெரிய சோதனை வந்தது. சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற கொள்கையைப் பெரிய கட்சிகள் போட்டி போட்டுக்கொண்டு ஏற்றன. அஸீஸ் சார்ந்திருந்த ஐக்கிய தேசியக் கட்சியும் அந்தப் பக்கம் சாய்ந்தது. அவர் கட்சியிலிருந்து விலகினார்.

அவர் ஸாஹிராவின் அதிபர் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆட்சியாளர்களின் கோபம் பள்ளியின் மேல் விழலாம். 'நமக்கெதற்கு வம்பு, நம் வேலையைப் பார்ப்போம்' என்று இருந்திருக்கலாம். ஆனால் வகுப்பறையில் நேர்மையைக் கற்பிக்கிறவர் வாக்களிக்கும் இடத்தில் அதை மறைக்க முடியாது. மாணவர்கள் பாடப் புத்தகத்தைவிட அதிபரின் நடத்தையைத்தான் கூர்ந்து படிக்கிறார்கள்.

தமிழ் அவருக்கு அரசியலாக மட்டும் இருக்கவில்லை. 'இலங்கையில் இஸ்லாம்' என்ற நூலை 1963-ல் வெளியிட்டார். 'மிஸ்ரின் வசியம்', 'ஆபிரிக்க அனுபவங்கள்', 'தமிழ் யாத்திரை' என்று பயணங்களையும் சிந்தனைகளையும் தமிழில் எழுதினார். நம் முன்னோர் அரபு எழுத்தில் தமிழை எழுதி மார்க்கத்தைப் பரப்பிய அரபுத் தமிழைப் பற்றியும் நூல் எழுதினார். ஆங்கிலத்தில் சரளமாக எழுதக்கூடியவர் தம் மக்களோடு பேசும்போது தமிழைத் தேர்ந்தார். நான் மதரஸாவில் ஓதி முடித்த பிறகு பி.ஏ. வரலாறு படித்த நாட்களில்தான் அவர் பெயரை முதன்முதலாக அறிந்தேன். தீனும் தமிழும் நவீனக் கல்வியும் ஒரே மனிதரிடம் சண்டையில்லாமல் குடியிருக்க முடியும் என்பது அன்று எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

1960-61ஆம் ஆண்டுகளில் இலங்கை அரசு உதவிபெறும் பள்ளிகளைச் சட்டம் போட்டுத் தன் வசம் எடுத்துக்கொண்டது. நாட்டின் கல்விமுறையே தலைகீழாக மாறிய காலம் அது. 1961-ல் அஸீஸ் ஸாஹிராவிலிருந்து விடைபெற்றார். 1963-ல் அரசாங்க சேவை ஆணைக்குழுவின் உறுப்பினரானார். அது நம் ஊர்த் தேர்வாணையம் போன்றது. அரசுப் பணியை உதறிவிட்டு வந்தவரையே, நாட்டின் அரசுப் பணியாளர்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் அமர்த்தினார்கள். அல்லாஹ்வுக்காக ஒன்றை விட்டவருக்கு அவன் அதைவிடச் சிறந்ததைத் தருவான் என்று நாம் பயான்களில் சொல்வது இதைத்தான்.

1973-ல் பேருவளையில் ஜாமிஆ நளீமிய்யா தொடங்கப்பட்டது. மார்க்கக் கல்வியும் நவீனக் கல்வியும் சேர்ந்து தரும் அந்த நிறுவனத்தின் தொடக்க ஆலோசனைகளிலும் அஸீஸின் பங்கு இருந்தது. அதே ஆண்டு நவம்பர் 24 அன்று வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். 1980-ல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவருக்கு மறைவுக்குப் பின் இலக்கியக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. 1986-ல் இலங்கை அரசு அவர் உருவத்தோடு அஞ்சல்தலை வெளியிட்டது.

கட்டடம் இருக்கிறது, ஆள் இருக்கிறாரா?

அதே காலத்தில் தமிழ்நாட்டிலும் நம் பெரியவர்கள் சும்மா இருக்கவில்லை. 1951-ல் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும் சென்னையில் நியூ கல்லூரியும் எழுந்தன. 1955-ல் நீதியரசர் பஷீர் அஹமது ஸயீத் சென்னையில் பெண்களுக்காக எஸ்.ஐ.இ.டி. கல்லூரியைத் தொடங்கினார். வணிகர்கள் செல்வத்தைக் கொட்டினார்கள். இன்று மாவட்டம் தோறும் நம் பெயரில் பள்ளிகள் இருக்கின்றன. அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் நிர்வாகிகளைச் சந்திக்கும்போதெல்லாம் ஒரே குறை காதில் விழுகிறது. நல்ல தலைமை ஆசிரியர் கிடைக்கவில்லை, அறிவியலுக்கும் கணக்குக்கும் நம் சமுதாயத்தில் ஆசிரியர் கிடைக்கவில்லை என்கிறார்கள். எப்படிக் கிடைப்பார்கள்? நன்றாகப் படிக்கும் பிள்ளையை டாக்டர், இன்ஜினீயர், வளைகுடா என்று அனுப்பிவிடுகிறோம். மீதி இருப்பவரை ஆசிரியர் ஆகச் சொல்கிறோம். அவருக்கும் குறைந்த சம்பளம் கொடுத்துவிட்டு, பிள்ளையின் மார்க் குறைந்தால் அவரிடமே சண்டைக்குப் போகிறோம். பணத்தால் கட்டடம் எழுப்பலாம். ஸாஹிராவுக்குப் பெயர் வந்தது ஜாயாவும் அஸீஸும் அங்கே தங்கள் ஆயுளின் நல்ல பகுதியைக் கொடுத்ததால்.

பத்ரு போரில் பிடிபட்டவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், மதீனாவின் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்துத் தங்கள் விடுதலையைப் பெற்றதாக வரலாற்றில் படிக்கிறோம். எதிரியாக இருந்தாலும் கற்பிக்கத் தெரிந்தவருக்கு நபி (ஸல்) அவர்கள் கொடுத்த மதிப்பு அது. சொந்தப் பிள்ளை கற்பிக்க ஆசைப்படும்போது நாம் கொடுக்கும் மதிப்பு என்ன?

நம் மலையில் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. ஒவ்வொரு மஹல்லாவும் ஒரு சிறு கல்வி நிதி வைக்கலாம். முழுப் படிப்புச் செலவும் வேண்டாம். கோவையில் விடுதிக் கட்டணம் கட்ட முடியாத இரண்டு பிள்ளைகளைத் தாங்கினால் போதும். ஆசிரியர் பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்கு அதில் முன்னுரிமை கொடுக்கலாம். பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு. பிறகு டெட் தேர்வும் ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வும் எழுதி அரசுப் பள்ளிக்குச் செல்லும் வழியும் இருக்கிறது. தோட்டப் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளியில், அதே தோட்டத்திலிருந்து வந்த ஒரு டீச்சர் நிற்பது அந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய தெம்பு!

கலெக்டர் ஆகும் திறமையும் ஆசையும் உள்ள பிள்ளை கட்டாயம் அதற்குப் படிக்கட்டும். கற்பிக்க ஆசைப்படும் பிள்ளையிடம் "உன் மார்க்குக்கு இது குறைவு" என்று மட்டும் சொல்லாதீர்கள். கேம்பிரிட்ஜ் போய் வந்தவருக்கே அது குறைவாகத் தெரியவில்லை.

சொன்னபடி அடுத்த ஜும்ஆவுக்கு அந்தச் சகோதரர் வந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஸாஹிரா காலேஜ்னு வாப்பா சொல்லிக் கேட்டிருக்கேன் ஹஜ்ரத். இந்த மனுஷரைப் பத்தித் தெரியாது" என்றார். போகும்போது திரும்பி நின்று, "அவ மாமாகிட்டயும் நீங்களே ஒரு தடவை இதச் சொல்லிருங்க. நான் சொன்னா கேக்க மாட்டாரு" என்றார்.

இன்ஷா அல்லாஹ், சொல்வேன். அறிஞர் அஸீஸ் அவர்களின் பணிகளை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. நம் வீடுகளிலிருந்து நல்ல ஆசிரியர்களையும், அவர்களை மதிக்கத் தெரிந்த பெற்றோரையும் உருவாக்குவானாக. ஆமீன்.